மச்சான் பிடித்த கயிறு

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற என் வயதுக்காரர்களே, உங்கள் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கோயில் வாசலில் பார்த்தாலும் இதே பேச்சு, கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதே பேச்சு. பெயர் மறந்துபோச்சாம், சாவி வைத்த இடம் மறந்துபோச்சாம். போனால் போகட்டுமே! மறதியைக் கண்டு எனக்கு அவ்வளவு பயமில்லை. மறக்காமல் உள்ளே கிடக்கிறதே, அதை நினைத்தால்தான் இந்த வயதிலும் தூக்கம் போகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் உட்காருங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் எங்கள் வீட்டு அலமாரியில் ஈயப் பாத்திரங்கள் நடுங்கும். எனக்கு நாலாம் வகுப்பு. அப்பா சங்கு குளிப்பவர். முத்துச் சிப்பி கண்ணில் படாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது, சங்குதான் எங்களுக்குச் சோறு போட்டது.

சங்கு குளிக்கிறவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு, கல்லின் கனத்தில் கீழே போவார். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். மேலே வள்ளத்தில் இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் தொழில். ஆனால் அந்தக் கயிற்றை எங்கள் கரையில் கண்டவனும் பிடித்துவிட முடியாது. பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். அக்கா தாலி அறுவதை எந்தத் தம்பி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. இறங்குவதற்கு முன் குளிப்பவரே தன் கையால் கயிற்றின் நுனியை மச்சான் கையில் கொடுப்பார். அக்காளும் தம்பியும் முதல் நாள் சண்டை போட்டிருந்தால், இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடும் வரை அந்த வள்ளம் கரையை விட்டுக் கிளம்பாது.

எங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா. நெட்டையான ஆள். எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாது. குனிந்து நுழையும்போதே என் சடையை ஒரு இழு இழுத்துவிட்டு, "ஏளா, சோறு இருக்கா, இல்ல எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா?" என்று கேட்பார். அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சே கேலிதான். அவர் இல்லாமல் அப்பா கடலில் கால் நனைத்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். டீச்சர் வந்து என் பையை எடுத்துக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போ என்றார். ஏன் என்று சொல்லவில்லை. தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. கடலிலிருந்து தூக்கி வந்திருந்த அப்பா பாயில் சாம்பல் நிறத்தில் கிடந்தார். மூச்சு வந்து போகும் சத்தம் மட்டும் மண் குடத்தில் தண்ணீர் நிரம்புகிற மாதிரிக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார், மாதா காப்பாற்றிவிட்டாள் என்று எல்லாரும் அழுதார்கள்.

கண் விழித்ததும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா கஞ்சி எடுத்துவர வெளியே போய்த் திரும்பி வந்தாள்.

"ஏளா, நீ எப்ப வந்த?" என்றார் அப்பா.

"இப்பத்தான இங்கன இருந்தேன்."

"நான் எதுக்கு ஆஸ்பத்திரில கெடக்கேன்?"

அம்மா சொன்னாள். கேட்டுக்கொண்டார். கஞ்சி குடித்து முடித்ததும், "நான் எதுக்கு ஆஸ்பத்திரில கெடக்கேன்?" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். கல்யாணத்தன்று பெய்த மழை ஞாபகம் இருந்தது, என் ஞானஸ்நானத்துக்கு வாங்கிய வெள்ளைத் தொப்பி ஞாபகம் இருந்தது. அன்றைக்குக் கடலில் முங்கியதற்குப் பிறகு நடந்தது எதுவும் மனசில் நிற்கவில்லை. நான் தம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். குடித்துவிட்டுத் தம்ளரை வைத்துத் திரும்புவதற்குள், "வா மக்கா, பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்பார். முதலில் விளையாடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்து திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு, அதே வார்த்தை. சட்டென்று இவர் அப்பா மாதிரியே இருக்கிற யாரோ ஒருவர் என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு தனியாக அவர் பக்கத்தில் உட்காரவே பயந்தேன்.

மாமா பார்க்க வந்தது அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள். எப்போதும் போல வாசலில் குனிந்து நுழைந்தார். "அத்தான்" என்று சொல்லிக்கொண்டே பாயருகில் போய், அப்பா முகத்துக்கு நேரே குனிந்தார்.

அப்பா போட்ட சத்தம் இருக்கிறதே! ஆட்டை அறுக்கும்போது கூட அப்படிக் கேட்டதில்லை. வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, பாயோடு பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். கண் பிதுங்கியது. வேட்டி நனைந்தது. மாமா கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார். அம்மா அவரைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அப்பா அமைதியாகி, நனைந்த வேட்டியைப் பார்த்து வெட்கப்பட்டு, "மச்சான் வரலியா இன்னைக்கு?" என்று கேட்டார்.

அடுத்த தடவையும் இதேதான், அதற்கடுத்த தடவையும். ஆள் இல்லாதபோது மச்சான் மச்சான் என்று தேடுவார். ஆள் பக்கத்தில் வந்து குனிந்தால் உயிர் போகிற அலறல்.

தெருக்குழாயடியில் பேச்சு கிளம்ப எத்தனை நேரம் ஆகும்? "கயித்த விட்டுட்டான் போல. அதான் அந்த மனுசன் அலறுதாரு." "காலையிலேயே ஊத்திட்டுத் தூங்கியிருப்பான்." "சொந்த அக்கா புருசனையா? நெஞ்சழுத்தந்தான்." நான் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தும் பேசினார்கள். மாமா கயிற்றை விட்டாரா, இல்லையா? அந்தச் சங்குப் பருவம் முழுவதும் எங்கள் வீட்டில் இருந்த கேள்வி அது ஒன்றுதான். விட்டார் என்று முடிவானால் மாமாவுக்கு இந்தக் கரையில் இடமில்லை, அம்மாவுக்குத் தம்பி இல்லை.

நானும் மாமா முன்னால் போவதை விட்டுவிட்டேன். அவர் மீனைக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்துவிட்டு, "ஏளா" என்று மெதுவாகக் கூப்பிடுவார். நான் அடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். கண்ணை மூடினால் அவர் கை தெரியும். உப்பு பாய்ந்து வெடித்த உள்ளங்கை, விரல்கள் ஒவ்வொன்றாக விரிவது, கயிறு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போவது. இன்றைக்கும் அது அப்படியே தெரிகிறது, வள்ளத்தின் விளிம்பில் கயிறு உரசுகிற சத்தம் உட்பட. ஆனால் நான் அந்த வள்ளத்தில் இல்லையே! பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குழாயடியில் கேட்டதைத்தான் என் தலை படமாகப் பிடித்து வைத்துக்கொண்டது. பாழாய்ப்போன தலை, அதை இன்னும் கீழே போடமாட்டேன் என்கிறது.

இடையில் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. அம்மா விரலி மஞ்சளைத் துணியில் சுற்றி விளக்கில் சுட்டு, புகையை என் மூக்கருகில் பிடித்தாள். துணி கருகும் வாடை எழுந்ததுதான் தாமதம், கூடத்தில் படுத்திருந்த அப்பா வயிற்றைக் கட்டிக்கொண்டு அலறினார். மாமா அந்தப் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பார்த்துவிட்டு, "மஞ்சப் பொகைக்கு அலறுதுன்னா உள்ள வேற ஏதோ ஏறியிருக்கு தாயீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேய் என்றதும் அம்மா விளக்கை அணைத்துவிட்டு ஜெபமாலையைத் தேடி எடுத்தாள். வேறு எதையும் யோசிக்க எங்களுக்குத் தெம்பில்லை.

அம்மா ஒருநாள் பின்வாசலில் வைத்து மாமாவை நேராகவே கேட்டுவிட்டாள். நான் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் இருந்தேன்.

"ஏலே, மாதா மேல ஆணையாச் சொல்லு. கயித்த விட்டியா?"

"இல்லக்கா. அத்தான் சுண்டவே இல்ல. ரொம்ப நேரம் ஆவுதேன்னு பயந்து நானாத்தான் இழுத்தேன். வெறச்சுப்போய் வந்தாரு. மல்லாக்கப் போட்டு வயித்த அமுக்குனேன். மூச்சு வரல. என் தலைத்துணியக் கிழிச்சுக் கொளுத்தி மூக்குல பொகையக் காட்டுனேன். மறுபடி அமுக்குனேன். அப்பந்தான் கண்ணத் தொறந்தாரு. தொறந்ததும் என் மூஞ்சியத்தான் பாத்தாரு."

"பெறகு எதுக்குல உன்னக் கண்டா இப்பிடி அலறுதாரு?"

"தெரியலியேக்கா" என்று சொல்லிவிட்டு மாமா அழுதார். அவ்வளவு நெட்டையான ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மாவுக்குத் தெரியவில்லை, மாமாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிய இத்தனை வருடம் ஆயிற்று. போன வருடம் என் வீட்டுக்காரரின் ஞாபகமறதிக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். என் மகளைவிடச் சின்னப் பெண். வீட்டுக்காரரைப் பார்த்து முடித்ததும் அவளிடம் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டேன்.

"நடந்ததைப் பதிஞ்சு வைக்கிறதுக்கு மூளையில ஒரு இடம் இருக்கும்மா. மூச்சு நின்னு ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா அது சீக்கிரமே கெட்டுப்போகும். பயத்தைப் பதியுறது வேற இடம். அது தப்பிச்சிருக்கும். நல்லவன், கெட்டவன், யாரு எதுக்குச் செஞ்சாங்கன்னு அதுக்குத் தெரியாது. உயிர் போற வலியில கண்ணு முன்னாடி என்ன முகம், என்ன வாடை இருந்துச்சோ அதைப் பிடிச்சு வச்சுக்கும்" என்றாள். நான் பார்க்காத கையை நான் பார்ப்பதைப் பற்றியும் கேட்டேன். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகத்தான் கட்டுகிறதாம், கேள்விப்பட்டதையும் சேர்த்துக் குழைத்துவிடுமாம்.

"இத ஐம்பது வருசம் பிந்திச் சொல்லுதியே தாயீ" என்றேன். அந்தப் பெண் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

சரி, அந்தக் கரைக்கு வருகிறேன். பேச்சு முற்றிப் போய், மற்ற குளிப்பவர்கள் மாமாவோடு ஒரே வள்ளத்தில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒரு வழி சொன்னார். அவரும் ஒரு காலத்தில் குளித்தவர்தான், கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கயிற்றை அப்பா கையில் கொடுப்பது, ஒவ்வொரு ஆளாக அவர் முன்னால் போய்க் கையை நீட்டுவது, யாரிடம் கொடுக்கிறார், யாரிடம் கொடுக்கவில்லை என்று ஊர் பார்ப்பது. இதுதான் வழி. அப்பா வாய்க்குத் தெரியாதது கைக்குத் தெரியும் என்று நம்பினார்கள். எங்கள் கரையில் கயிறு கொடுப்பதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

காலை வெயிலில் வலை காய்கிற மணலில் அப்பாவை உட்கார வைத்தார்கள். கயிற்றைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. விரல்கள் தாமாகவே முடிச்சைச் சரிபார்த்தன. முதல் ஆள் போனான், சிரித்துக்கொண்டே கயிற்றைக் கொடுத்தார். அடுத்தவன் போனான், கொடுத்தார். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் சதைக்குள் போனது.

மாமா போனார். வேண்டாம் மாமா, குனியாதீர்கள் என்று இன்றைக்கு இங்கிருந்து கத்தத் தோன்றுகிறது. அப்பா மணலில் உட்கார்ந்திருக்கிறார், இவரோ நெட்டை, குனியாமல் எப்படி வாங்குவார்? முகத்துக்கு நேரே முகம் போனது.

அலறல் கேட்டு மரத்தில் இருந்த காக்கை எல்லாம் எழும்பிவிட்டது. கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, வயிற்றைக் கட்டிக்கொண்டு, மணலில் தவழ்ந்து ஓடினார் அப்பா.

"பாத்தியளா எல்லாரும்?" என்றார் பெரியவர்.

"அண்ணாச்சி, தெனமும் காலையில எந்திரிச்சதும் இவனத்தான் தேடுதாரு" என்று அம்மா கத்தினாள்.

"அது பழைய நெனப்புத் தாயீ. கெணத்துத் தண்ணி மாதிரி அடியில கெடக்கும். இது புதுசு. அன்னைக்கு நடந்ததுக்கு இதான் சாட்சி."

மாமாவிடம் இனி யாரும் கயிறு கொடுக்கக் கூடாது, யார் வள்ளத்திலும் அவர் ஏறக் கூடாது என்று முடிவாயிற்று. மாமா கீழே கிடந்த கயிற்றை எடுத்து, மணலைத் தட்டி, சுருட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகிற ஒரு தோணியில் அவருக்கு வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று காலை அம்மா பழைய துறைமுகத்துக்குப் போனாள். அப்பாவைத் தனியே விட்டால் கடலுக்குக் கிளம்பிவிடுவார் என்பதால் அவரையும் கூட்டிக்கொண்டோம். மாமா கண்ணில் படாமல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் அவரை நிறுத்தினாள். இன்னொரு அலறலைத் தாங்க எங்கள் யாருக்கும் உடம்பில் சக்தியில்லை. பெரியவரும் நாலைந்து பேரும் ஆள் போய்த்தான் தீருகிறானா என்று பார்க்க வந்து நின்றிருந்தார்கள். மாமா எங்கள் பக்கம் வரவில்லை. தோணியில் நின்றபடியே அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தோணியை அவிழ்த்துவிட்டார்கள். கரையில் கட்டியிருந்த கயிற்றை உள்ளே இழுக்கிற வேலை மாமாவுக்கு. காலை அகட்டி ஊன்றி, கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். மூட்டைக்குப் பின்னால் நின்ற அப்பா அந்த நேரம் பார்த்துத் தலையை நீட்டினார்.

"மச்சான்!"

நான் காதைப் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். பொத்திய காதையும் மீறி அடுத்த சத்தம் கேட்டது. அது அலறல் இல்லை.

"ஏலே மச்சான்! என்ன விட்டுட்டுக் கெளம்பிட்டியா? கயித்த எறில, நான் எறங்குதேன்!"

கண்ணைத் திறந்தபோது அப்பா அம்மாவின் கையை உதறிவிட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தூரத்தில் நிமிர்ந்து நின்று கயிறு இழுக்கிறவர் அவருக்குப் பழைய மச்சான்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், குளிப்பவர்கள் இழுக்கிற அந்த நீளமான விசில் சத்தத்தோடு. இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மச்சான் மேலே இருக்கும்போது அதை எதற்குப் பார்க்க வேண்டும்? தண்ணீருக்குள் போய்விட்டார்.

அம்மா கத்தினாள். தோணியிலிருந்து மாமா கயிற்றை எறிந்தார். அது எட்டாமல் நடுத்தண்ணீரில் விழுந்தது. குதிக்கப் போனவரைத் தோணி ஆட்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தோணியின் பாயில் காற்று நிறைந்துவிட்டது. கரையில் நின்ற இரண்டு பேர் பாய்ந்து, முங்கித் தேடி, அப்பாவைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார்கள். படியில் கிடத்தினார்கள். இருமினார், உயிர் இருந்தது. தோணி முயல் தீவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. நேரே பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

"கயித்த விட்டவன்கிட்டயா அவரு உசுரக் குடுத்துட்டு எறங்குனாரு? சொல்லுங்க அண்ணாச்சி. நீங்களும் குளிச்ச ஆளுதான, சொல்லுங்க."

பெரியவர் தோணி போகிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர்தான், "வள்ளத்த எடுங்கல, தோணிய மறிங்கல" என்று கத்தினார். துடுப்புப் போட்டுப் போனார்கள். தோணிக்குக் காற்று இருந்தது, இவர்களுக்குக் கைதான் இருந்தது. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அடுத்து கொழும்புக்குப் போன தோணியில் பெரியவரே ஏறிப் போனார். அந்த வயதில், யாரும் சொல்லாமல், தானாகவே. பல நாள் கழித்துத் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கரையில எறங்கினவன் எங்க போனான்னு ஒருத்தருக்கும் தெரியல தாயீ. தேடாத எடமில்ல."

அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். யார் வந்தது என்று உள்ளே இருந்து அப்பா கேட்டார். யாருமில்லை என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு போடப் போனாள்.